கம்பளிப்புழுவும் முதல் மழையும்

ஆத்தூருக்கு வரும் வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது கொற்கைக்கு வழி. தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் இந்த ஊருக்கு வருபவர்களின் மனத்தில் முத்துதான் இருக்கும். அதில் தவறும் இல்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமியின் கடல்வழிக் குறிப்பில் இந்தக் கரையின் முத்துக்குளிப்பு இடம்பெற்றிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வியந்து எழுதினார். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர் எல்லோரும் கணக்கு எழுதிவைத்தார்கள். கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குக்கூட ‘தொள்ளாயிரம் பார்’ என்பது போலப் பெயர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கடலடி நிலம் இவ்வளவு துல்லியமாக எழுத்தில் ஏறியிருக்கிறது.

கண்ணெதிரே கிடக்கும் நிலத்தின் கதை வேறு. வயலில் என்ன முளைத்தது என்பதைக் கல்வெட்டும் வரிக்கணக்கும் சொல்கின்றன. முளைத்ததைத் தின்றது எது என்பதை அவை அநேகமாகச் சொல்வதில்லை. அப்படிச் சொல்லப்படாமல் போன ஓர் உயிரின் சரித்திரத்தை என்னால் இயன்ற அளவு தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. அந்த உயிர் கம்பளிப்புழு.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆத்தூர்க் கொடிக்கால் ஒன்றின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இவ்வூருடையது. அகத்தி மரங்களைப் பற்றி ஏறும் கொடிகளும், பக்கத்தில் வாழையும், வரப்பில் தானாக முளைத்த ஆமணக்குமாக எப்போதும் ஈரம் காயாத நிலம். வாழை இலை ஒன்றின் அடியில், உடல் முழுவதும் நீண்ட மயிர் அடர்ந்த கரிய புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, “கையை வச்சிராதீங்க தம்பி, சுணை பட்டா ராத்திரி பூரா அரிக்கும்” என்றார். “இது வெத்திலையையும் திங்குமா அண்ணாச்சி?” என்றேன். “வாழைக்கும் ஆமணக்குக்கும்தான் வரும். அங்கொண்ணு இங்கொண்ணா எப்பவும் கெடக்கும். இதுக்கெல்லாம் யாரு பயப்படுதா?” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

‘எப்பவும் கெடக்கும்’ என்ற அந்தச் சொல்தான் என்னைப் பின்னர் நெடுநாள் யோசிக்கவைத்தது. அதன் முழுப்பொருள் விளங்குவதற்கு இன்னொரு நிலத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் பெயர். மேனியில் கம்பளி போர்த்தியதுபோல் இருப்பதால் நாம் கம்பளிப்புழு, கம்பளிப்பூச்சி என்கிறோம். ஈழத்தில் மயிர்க்கொட்டி என்பார்கள். ஐரோப்பியருக்கு இதே மயிர் கரடியை நினைவூட்டியிருக்கிறது. இக்குடும்பத்துக்கு அவர்கள் வைத்த ‘ஆர்க்டியா’ என்ற பெயர், கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகும்போது சிறகில் பட்டையும் புள்ளியுமாக நிறம் கொள்வதால் ஆங்கிலத்தில் அதற்குப் புலிப்பெயர் கிடைத்தது. புழுவாக இருக்கையில் கரடி, சிறகு முளைத்தால் புலி. நாமும் புலி அந்து என்று சொல்லிக்கொள்ளலாம். நெடுங்காலம் தனிக் குடும்பமாகக் கருதப்பட்டுவந்த இப்பூச்சிகளை, மரபணு ஆய்வுகளுக்குப் பின் இப்போது எரெபிடே என்ற பெருங்குடும்பத்தின் ஒரு கிளையாக வைக்கிறார்கள். மயிர் உள்ள புழு எல்லாம் இக்கிளையில் அடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முருங்கை மரத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கிடக்கும் கம்பளிப்புழு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆத்தூர் வாழையில் நான் கண்டதன் பெயரை ‘ஓலெபா ரிசினி’ என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ‘ரிசினி’ என்றால் ஆமணக்கைச் சேர்ந்தது என்று பொருள். சாம்பல் படர்ந்த பழுப்பு நிற முன்சிறகும், கருந்திட்டுகள் கொண்ட செந்நிறப் பின்சிறகும் உடைய அந்து அது. 1775-இல் அதற்கு இப்பெயரை இட்டவர் டென்மார்க்கின் ஃபேப்ரிசியஸ். லின்னேயஸின் மாணவர். அதே லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1785-இல் இறக்கும்வரை தென்னிந்தியாவின் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு ஃபேப்ரிசியஸ்தான் பெயர் சூட்டினார். இந்தக் கடற்கரையில் அந்நியர் முத்துக்குக் கணக்கு எழுதிய அதே காலத்தில், இன்னொரு துறைமுகத்தின் வழியே பூச்சிகளும் கணக்கில் ஏறத் தொடங்கின. ஆனால் அது பெயர்க்கணக்கு மட்டுமே. உழவனுக்கு அவை என்ன செய்தன என்பது அதில் இல்லை.

அந்தக் கதை எழுதப்பட இன்னொரு பயிர் வர வேண்டியிருந்தது. அது நிலக்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்த இப்பயிரைத் தென்னாற்காட்டில் இன்றும் மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்புத் தொழில்களுக்காகப் புதுச்சேரி வழியே கடலை கப்பலேறியது. 1890-களில் விளைச்சல் சரிந்து, வெளியிலிருந்து புது விதைகள் வந்தபின் மீண்டும் பெருகியது. கம்பும் சோளமும் பயறும் கலந்து கிடந்த மானாவாரிப் புன்செய்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கடலையாக மாறின. 1905-இல் தென்னாற்காட்டின் பாலூரில் அரசு விவசாய ஆய்வுப் பண்ணை ஒன்றும் தொடங்கப்பட்டது.

அந்த மாற்றத்தோடுதான் சிவப்புக் கம்பளிப்புழு அரசாங்கக் காகிதங்களில் பெரிதாக இடம்பெறத் தொடங்கியது. அதன் அறிவியல் பெயர் ‘அம்சாக்டா ஆல்பிஸ்ட்ரைகா’. வெண்சிறகின் முன்விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும் அந்து. வட இந்தியாவில் இதன் உறவான வேறோர் இனம் மிகுதி. பயறும் ஆமணக்கும் சிறுதானியமும் தின்று வாழத் தெரிந்த புழுவுக்கு, மைல் கணக்கில் பச்சை விரிப்பை நாமே விரித்துக் கொடுத்தோம்.

இதன் வாழ்க்கை முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சரித்திரத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. கோடை முடிந்து முதல் கனமழை பெய்து மண் நனைந்ததும், அடுத்த சில நாட்களில், இருட்டிய பிறகு, நிலத்துக்குள்ளிருந்து அந்துக்கள் வெளிவருகின்றன. ஒன்றிரண்டாக அல்ல, வட்டாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். இணைசேர்ந்து, இலையின் அடியில் பெண் ஒன்றுக்கு 600, 700 முட்டைகள் என்று குவியலாக இடுகின்றன. இரண்டு மூன்று நாளில் குஞ்சுப்புழுக்கள் பொரிந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வளர வளரச் செந்நிற மயிர் அடர்ந்து, இலை, குருத்து என்று எதையும் விடாமல் தின்று தீர்த்தபின், ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் படையாக நகரும். ஐந்தாறு வாரங்களில் வரப்பிலும் மரத்தடியிலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு ஏறத்தாழப் பத்து மாதம் எந்த அசைவும் இல்லை. வெயிலும் புழுதியும் தலைக்கு மேலே கடந்துபோக, அடுத்த ஆண்டின் முதல் மழைவரை அது காத்துக்கிடக்கும்.

இப்போது ஆத்தூர்ப் பெரியவரின் சொல்லுக்கு வருகிறேன். ஆற்றுப் பாசனத்தில் ஆண்டு முழுவதும் பச்சை உண்டு. அங்கே வாழும் புலி அந்து ஆண்டுக்குப் பல தலைமுறை எடுக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எப்போதும் இருக்கிறது. அதற்கு அவசரமில்லை, உழவனுக்கும் அச்சமில்லை. வானம் பார்த்த பூமியில் பச்சை என்பது ஆண்டில் சில மாதம்தான். அங்கே வாழும் புலி அந்து ஒரே தலைமுறையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, பத்து மாதம் மண்ணில் அடங்கி, ஓர் இரவில் மொத்தமாக எழுகிறது. ஒரு நிலத்துக்கு நீர் எப்படி வருகிறது என்பதை அங்குள்ள பூச்சியின் நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பூசாவில் 1905-இல் மத்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும், அதன் பூச்சியியலாளர் மேக்ஸ்வெல் லெஃப்ராய் 1906-இல் இந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றி நூல் எழுதினார். சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூர் இத்துறையின் மையமாயிற்று. 1914-இல் பெயின்பிரிக் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெருநூலைச் சென்னை அரசு அச்சகத்தின் மூலம் வெளியிட்டார். அந்த வரிசையில் 1940-இல் வந்தது டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கைந்நூல். பூச்சியின் முட்டையையும் புழுவையும் அந்துவையும், அது தின்னும் செடியையும், அதை அடக்கும் வழியையும் ஒரே இடத்தில் பொறுமையாகத் தொகுத்த இத்தகைய நூல்களை நம் சமூக வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். இவை பஞ்சங்களுக்கும் வரிவசூலுக்கும் நடுவே விடுபட்டுப்போன பக்கங்கள்.

நூல்கள் சொன்ன வழிகள் இன்றைய வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலும் பெரிய மாற்றமின்றித் தொடர்கின்றன. கோடை உழவு செய்து கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டு. மழை பெய்த மறு இரவுகளில், ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை, வரப்பில் தீ மூட்டு, விளக்குப் பொறி வை. கடலைக்கு ஊடே பயறும் ஆமணக்கும் விதைத்து, அவற்றில் இடப்படும் முட்டைக் குவியல்களைக் கிள்ளி அழி. புழுப்படை நகரும்போது வயலைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகச் சால் எடு. எருக்கு, காட்டாமணக்குக் குச்சிகளை நட்டுவை. அவற்றில் வந்து சேரும் புழுக்களைத் திரட்டி அழி.

இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் காசு மிகுந்த வேலையல்ல. ஆனால் இவற்றில் எதையும் ஒருவர் தனியாகச் செய்து பயனில்லை. என் வயலில் நான் தீ மூட்டி, பக்கத்து வயல்காரர் உறங்கிவிட்டால், அவர் நிலத்தில் பொரித்த புழு ஆறாம் வாரம் என் வரப்பைத் தாண்டும். நான் கோடை உழவு செய்து அவர் செய்யாவிட்டாலும் அப்படியே. பூச்சி எல்லோருடைய நிலத்திலும் ஒரே இரவில் எழுவதால், ஊரும் ஒரே இரவில் எழ வேண்டியிருக்கிறது. நிலவுடைமைக்காரரும் குத்தகைக்காரரும் கூலிக்காரரும், ஒருவரோடொருவர் பேசாத தெருக்களும், அந்த ஒரு இரவுக்காவது ஒரே வேலையைச் செய்தாக வேண்டும். இந்தச் சிக்கலை அரசும் உணர்ந்திருந்தது. 1919-இல் சென்னை மாகாணம் விவசாயப் பூச்சி, நோய்கள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதலாவது. அறிவிக்கப்பட்ட பூச்சியை அழிப்பதற்கான வேலையைச் செய்யும் கடமையை நிலத்தை வைத்திருப்பவர் மீது அது சுமத்தியது. அவர் செய்யாவிட்டால் அரசே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். அண்டை வயல்காரனின் அலட்சியம் சட்டத்தின் பார்வைக்கு வந்தது அப்போதுதான்.

இலக்கிய வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். விளக்கில் விழும் விட்டில் நம் கவிதை மரபில் மிகப் பழகிப்போன உவமை. மோகத்துக்கும் அறியாமைக்கும் பக்திக்கும்கூட அது பயன்பட்டிருக்கிறது. புன்செய்க்காட்டு உழவனுக்கு அது உவமையாக இருக்கவில்லை. மழை நின்ற இரவில், தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றிய தட்டின் மேல் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, விழும் சிறகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனுக்கு, விழாமல் தப்பிய ஒவ்வொன்றும் 600 முட்டை.

1950-களுக்குப் பிறகு பி.எச்.சி. தூள் வந்தது. மலிவாகக் கிடைத்தது, கையாலேயே தூவலாம். அதன் பெரிய கவர்ச்சி, பக்கத்து வயல்காரரைக் கேட்க வேண்டியதில்லை என்பது. என் நிலம், என் மூட்டை, என் நேரம். விளக்கும் சாலும் முட்டை பொறுக்குவதும் பழைய காலத்து வேலைகளாகத் தோன்றத் தொடங்கின. ஆனால் தூளுக்கு மடிவது பெரும்பாலும் இளம்புழுதான். முதிர்ந்து படையாகக் கிளம்பியதை அது எளிதில் நிறுத்தவில்லை. மண்ணிலும் பாலிலும் தாய்ப்பாலிலும் அதன் எச்சம் தங்கியது தெரியவந்து, 1997-இல் இந்தியா பி.எச்.சி.யைத் தடைசெய்தது. அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டிருந்தது. நஞ்சைத் தடைசெய்ய ஓர் ஆணை போதும். நஞ்சுக்காகக் கைவிடப்பட்ட ஊர்க்கூட்டத்தை எந்த ஆணையும் திருப்பித் தராது. இந்தப் புழுவுக்கென்றே இயற்கையில் ஏற்படும் வைரஸ் நோயைப் பெருக்கித் தெளிக்கும் முறையையும் ஆய்வாளர்கள் பின்னர் உருவாக்கினார்கள். அதையும் சரியான வாரத்தில், இளம்புழுப் பருவத்தில், எல்லோரும் சேர்ந்து தெளித்தால்தான் பயன். சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

புலி அந்து முழுவதையும் பகையாக எழுதிவிட்டால் அது நேர்மையாகாது. இக்கிளையில் பல ஆயிரம் இனங்கள் உண்டு. பயிருக்குக் கேடு செய்பவை மிகச் சிலவே. நம் கடற்கரை மணலில் முளைக்கும் கிலுகிலுப்பைச் செடியைத் தின்று வளரும் ‘உத்தேத்தைசா’ என்ற சிறு அந்து, வெண்சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியுமாகப் பகலிலேயே பறக்கும். அதன் அமெரிக்க உறவினத்தைத் தாமஸ் ஐஸ்னர் என்ற அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்தார். புழு, செடியின் நஞ்சை உடலில் சேமித்துக்கொள்கிறது. அந்துவான பிறகும் அந்த நஞ்சு அதைக் காக்கிறது. வலையில் சிக்கினால் சிலந்தியே நூலை அறுத்து அதை விடுவித்துவிடுகிறது. ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கை இணைசேரும்போது பெண்ணுக்குத் தர, அது முட்டைகளுக்குக் காப்பாகிறது. வேறொரு புலி அந்து, தன்னைத் துரத்தும் வௌவாலின் ஒலியறிவைக் குழப்பும்படி நுண்ணொலி எழுப்புகிறது என்பது 2009-இல் நிறுவப்பட்டது. சுணை, நஞ்சு, ஓசை என மூன்று அரண்கள். இந்தச் சிறிய உடலுக்குள் இவ்வளவு ஏற்பாடு இருப்பதை அறிந்தபின் அதைக் காலால் நசுக்குவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. அங்குள்ள கம்பளிப்புழுவின் உடலில் செம்பட்டை அகலமாக இருந்தால் குளிர்காலம் மென்மையாக இருக்கும், குறுகியிருந்தால் கடுமை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கர்ரன் 1948 முதல் சில ஆண்டுகள் புழுக்களைச் சேகரித்துப் பட்டைகளை அளந்து பார்த்தார். மிகச் சில புழுக்களை வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கணிப்பு செய்தித்தாள்களில் புகழ்பெற்றது. அறிவியல் அதை ஏற்கவில்லை. பட்டையின் அகலம் புழுவின் வயதையும் அது கடந்துவந்த நாட்களையும் பொறுத்தது. அது வருங்காலத்தைச் சொல்வதில்லை, கடந்ததைத்தான் சொல்கிறது. நம் சிவப்புக் கம்பளிப்புழுவும் மழையை முன்னறிவிப்பதில்லை. பெய்த மழைக்குப் பதில் சொல்கிறது. பதில் சொல்ல நமக்கு அது தருவது இரண்டு மூன்று இரவுகள் மட்டுமே.

முத்துக்குளிப்பும் அப்படி ஒரு குறுகிய காலத்து வேலைதான். பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்தது என்று அறிவித்தபின், குறித்த நாட்களில் கரை முழுவதும் திரண்டு கடலில் இறங்கியது. சில ஆண்டுகள் நடக்கும், பல ஆண்டுகள் நடக்காது. தூத்துக்குடியில் கடைசியாக அது நடந்தது 1961-இல். அந்தத் திரளை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது, ஏனென்றால் அங்கே எடுத்தது முத்து. மழை பெய்த இரவில் விளக்கேந்திப் புன்செய் வரப்பில் திரண்ட ஊர்களை எவரும் பாடவில்லை. அவர்கள் எடுத்துவந்தது வாளி நிறையப் புழு. ஆனால் அந்த வருஷத்துச் சோறு அந்த வாளியில்தான் இருந்தது.

கொடிக்காலிலிருந்து திரும்பும்போது பெரியவரிடம், மானாவாரிக் காட்டில் இப்படி மழைக்கு மறுநாள் கூட்டமாக எழும் புழு உண்டு, தெரியுமா என்று கேட்டேன். “அது ஒத்தையாளு வேலை இல்லையே தம்பி” என்றார். நூல்கள் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டு, கிள்ளிய வெற்றிலையைக் கவுளியாக அடுக்கத் தொடங்கினார்.